வானத்திலிருந்து இணையம்: கஷ்டப் பிரதேச மாணவருக்கு எட்டுமா?

கொவிட் காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்து ஆசிரியர்களும் மாணவர்களும் சிக்னல் தேடிக் காட்டுவழியே நடந்து பாறை மீது ஏறியதை 2021இல் சர்வதேச ஊடகங்களும் வெளியிட்டன. சில நூறு குடும்பங்களுக்காகக் கோபுரம் அமைப்பதில் கம்பனிகளுக்கு இலாபம் இல்லை. இத்தகைய ஊர்களுக்குச் செய்மதி இணையம் தீர்வாகுமா?

கூரையில் பொருத்தப்படும் சிறிய தட்டு செய்மதியுடன் நேரடியாகத் தொடர்புகொள்கிறது. செய்மதி அதனைத் தரை நிலையம் ஒன்றுடன் இணைக்கிறது. பழைய வகைச் செய்மதிகள் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் இருப்பதால், ஒரு கேள்விக்குப் பதில் வந்துசேர அரை செக்கன் அளவு செல்லும். நேரடி வகுப்புக்கு அது இடைஞ்சல். ஸ்டார்லிங்க் செய்மதிகள் சுமார் 550 கிலோமீற்றர் உயரத்திலேயே சுற்றுவதால் தாமதம் மிகக் குறைவு. ஆனால் ஒரு செய்மதி நமது தலைக்கு மேல் சில நிமிடங்களே இருக்கும். எனவேதான் ஆயிரக்கணக்கில் ஏவுகிறார்கள்.

அனர்த்த காலத்திலும் இது கைகொடுக்கும். 2022 ஜனவரியில் எரிமலை வெடிப்பால் டொங்கா நாட்டின் கடலடிக் கேபிள் அறுந்தது. அதைச் சீர்செய்ய ஐந்து வாரங்கள் சென்றன. அதுவரை செய்மதிகளே அந்நாட்டை வெளியுலகுடன் இணைத்தன.

இலங்கையில் ஸ்டார்லிங்கிற்கு 2024 ஆகஸ்டில் அனுமதிப்பத்திரம் கிடைத்தது. 2025 ஜூலையில் சேவை ஆரம்பமானது. தூரம் என்ற தடை நீங்கிவிட்டது. விலை என்ற தடை அப்படியே இருக்கிறது. ஆரம்ப விலைப்படி கருவிக்கு ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல், வீட்டு இணைப்புக்கு மாதாந்தம் சுமார் 15,000 ரூபா. கூலித் தொழிலாளியோ சிறு விவசாயியோ இதை நினைத்தும் பார்க்க முடியாது. இப்படியே விட்டால், வசதியுள்ளவர் வீட்டில்தான் இரண்டாவது இணைப்பும் வரும்.

ஆகவே தனி வீட்டுக்கு அல்ல, ஊருக்கு ஒன்று என்று சிந்திக்க வேண்டும். சிக்னல் எட்டாத ஊர்களின் பாடசாலைகளிலும் நூலகங்களிலும் ஓர் இணைப்பை ஏற்படுத்தி, மாலை வேளையிலும் மாணவருக்குத் திறந்துவிடலாம். கல்வி வலயம், பிரதேச சபை, பழைய மாணவர் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம் ஆகியன செலவைப் பகிரலாம். பலர் பாவிக்க எந்தத் திட்டத்தில் அனுமதி உண்டு, மின்சாரம் தடைப்பட்டால் மாற்று வழி என்ன, தட்டுக்கு மேலே மரக்கிளை மறைக்காத திறந்த வானம் உண்டா என்பவற்றை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் வருடக் கட்டணத்தைச் சேர்ப்பது இலகு. இரண்டாம் வருடக் கட்டணத்தை யார் செலுத்துவது என்பதை இணைப்பு எடுக்கும் முன்பே தீர்மானித்துக்கொள்வோம்.