சீரியல் நாயகி வாய்விட்டுச் சொல்ல முடியாத நோய்!

சாயங்காலமானால் சீரியல் ஓடாத வீடு உண்டா? கதாநாயகிக்கு வியாதி என்றால் நாமும் கண்ணைத் துடைத்துக் கொள்கிறோம். விளம்பரம் வந்ததும் அடுப்பைப் பார்க்க எழுந்து விடுகிறோம். ஆனால், பார்க்கும் பெண்களை டாக்டரிடம் அனுப்பவே ஒரு சீரியல் எழுதப்பட்டது, தெரியுமா?

அமெரிக்காவின் 'கைடிங் லைட்', 1937-ல் ரேடியோவில் தொடங்கி, பிறகு டி.வி.க்கு வந்து, 2009 வரை ஓடிய தொடர். அதில் வரும் குடும்பத் தலைவி பெர்ட் பவர். கணவன் பில், குடிக்கு அடிமை. ஏற்கெனவே விரிசல் விட்ட தாம்பத்யம். 1962-ல் பெர்ட்டுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் வருவதாக எழுத விரும்பினார் கதாசிரியை ஆக்னஸ் நிக்சன். அவருடைய தோழி ஒருவர் அதே நோயில் இறந்திருந்தார்.

டி.வி. நிறுவனமும் சோப்பு கம்பெனியும் சம்மதித்தன. ஆனால் ஒரு நிபந்தனை. 'கேன்சர்', 'கர்ப்பப்பை' என்ற வார்த்தைகளே வசனத்தில் வரக்கூடாது! நிக்சன் அப்படியே எழுதினார். 'பாப் ஸ்மியர்' பரிசோதனையில் நோய் சீக்கிரமே தெரிந்தது. பெர்ட் பிழைத்துக் கொண்டாள்.

சிரிப்பு வருகிறதா? நம் வீட்டிலும் அதே தடைதானே! மாதவிலக்கு இல்லாத நாளில் ரத்தக்கசிவு, உறவுக்குப் பின் ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், மாதவிலக்கு நின்றபின் மீண்டும் உதிரம்... இதையெல்லாம் மனைவி மறைக்கிறாள். விலகிப் படுக்கிறாள். 'என்னைப் பிடிக்கலை போல' என்று கணவன் முகத்தைத் தூக்கி வைத்துக் கொள்கிறார். நோய் ஒரு பக்கம் வளர, மனஸ்தாபம் மறுபக்கம் வளர்கிறது.

கொல்லிமலையில் திருப்புலி நாட்டுப் பெண், காரவள்ளி வழியாகக் கீழே இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். அவள் தள்ளிப் போட்டால் காரணம் இருக்கிறது. ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில் இருந்தும் நீங்கள் தள்ளிப் போடலாமா?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பெரிய மெஷின்கூட வேண்டாம். நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை, கர்ப்பப்பை வாயில் தடவிப் பார்ப்பார்கள். கோளாறான இடம் வெளுத்துத் தெரியும். சில நிமிட வேலை. திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற நர்ஸுகளே இதைச் செய்தார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த அந்த ஆய்வில், இந்நோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது. 30 வயது தாண்டியவர்கள் நம் அரசு ஆஸ்பத்திரிகளில் இதை இலவசமாகவே செய்து கொள்ளலாம்.

கணவர்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். மிகச் சாதாரணமாகத் தொற்றக்கூடியது, பல வருஷம் சத்தமில்லாமல் உடம்பில் இருக்கக்கூடியது. எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இதை வைத்து ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவதில் அர்த்தமே இல்லை. புற்றுநோயோ தொட்டால் ஒட்டிக் கொள்வதில்லை.

பெண் குழந்தை இருந்தால் 9 வயதிலிருந்தே தடுப்பூசி போடலாம். மனைவியிடம், "வா, நானும் கூட வர்றேன், ஒரு டெஸ்ட் எடுத்துட்டு வந்துடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். பாதி பயம் அங்கேயே போய்விடும். மீதியை டாக்டர் பார்த்துக் கொள்வார்!