முறையிடத் தெரிந்த விசுவாசம்

சமய நம்பிக்கையைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் விசுவாசம் என்கிறார்கள். வளர்த்தவரை மறக்காத நாய்க்கும், எஜமானுக்கு உண்மையாக இருக்கும் வேலைக்காரனுக்கும் அதே சொல்தான். ஒன்றை மெய்யென்று ஏற்பது, ஒருவரைக் கைவிடாமல் இருப்பது என இரண்டு பொருள்கள் அதில் ஒட்டிக்கிடக்கின்றன. மனதில் சந்தேகம் எழுந்ததுமே தன் பக்தி போய்விட்டதென்று குமைகிறவர் முதல் பொருளை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறார். பைபிளுக்கு நெருக்கமானது இரண்டாவது பொருள். ஆபகூக் நூலில் வரும் 'எமூனா' என்ற எபிரேயச் சொல்லுக்கு உறுதி, நிலைத்து நிற்றல் என்று பொருள். அந்தச் சொல்லுக்கு வருமுன், எத்தனை காலம் கூப்பிடுவது, ஏன் காதில் விழவில்லை என்று ஆபகூக் கடவுளோடு சண்டையே போட்டுவிடுகிறார்.

இந்த இரண்டாம் பொருளிலும் ஓர் ஆபத்து உண்டு. பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் நின்று யோசித்தால் அது சட்டென்று விளங்கும். 1885இல் இம்மலையை அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயர் மலைக்கு நிலைத்தது, 1929இல் ஜே. ஏ. ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடழித்துச் செடி நட்டு, லயத்தில் குடியிருந்து, கொழுந்து பறித்தவர்களில் தமிழர் பலர். மலாயாத் தோட்டங்களில் விசுவாசம் என்றால் தோட்ட நிர்வாகியான துரை எதிர்பார்த்தது வாய் திறக்காத பணிவைத்தான். 1941இல் கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, துரைமாரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டிய கட்டாயம் ஒழியவேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. அடுத்த இரண்டாண்டுகளில் ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோன தோட்டத் தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. இப்படிப்பட்ட மக்களிடம் 'பொறுமையாக நிலைத்திரு' என்று உபதேசிப்பது துரையின் வேலையைப் பாதிரியார் செய்வதாகாதா? சமயத்தை மக்களின் அபினி என்று 1844இல் எழுதிய மார்க்ஸின் வாதம் இதுதான். இதை லேசில் தள்ளிவிட முடியாது.

பிரசங்க மேடைகளில் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் இதற்குப் போதாதவை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்தால்தான் புதுக்கொழுந்து வரும், துன்பமும் அப்படித்தான் என்பார்கள். செடிக்கு நியாயம் கேட்கத் தெரியாது, மனிதனுக்குத் தெரியும். உவமை அங்கேயே இற்றுவிடுகிறது. பைபிளில், எல்லாவற்றையும் இழந்து துன்புற்ற யோபுவின் நண்பர்கள் இதைவிட நேர்த்தியாகவே பேசினார்கள்: பாவம் செய்திருப்பாய், அடங்கிப்போ என்றார்கள். நூலின் கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள்மேல்தான் பாய்கிறது. சரியாகப் பேசியவன், கடவுள் முகத்துக்கு நேரே வழக்காடிய யோபுதான் என்று தீர்ப்பாகிறது. துரை கேட்ட விசுவாசத்தில் முறையீட்டுக்கு இடமே இல்லை. யோபுவின் விசுவாசமோ முறையீட்டினாலேயே உயிரோடிருந்தது. ஆகவே மார்க்ஸின் அடி விழவேண்டியது வாயை அடைக்கும் உபதேசத்தின்மேல்.

முறையிடும் விசுவாசத்துக்குச் சான்று யோபு நூல் மட்டுமல்ல. 88ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவும் சொல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் வழிபாட்டுப் பாடலாகச் சேர்த்துவைத்தார்கள். 1894இல் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்று காப்பியமாக்கிய, ஆங்கில எழுத்தாளர் பனியனின் கதையில், சந்தேகக் கோட்டைக்குள் அடைபடுகிறவன் புதிதாகப் புறப்பட்டவன் அல்லன். சிலுவையைத் தாண்டி நெடுந்தூரம் வந்துவிட்ட பயணி. நம் காலத்துக்கு வந்தால் அன்னை தெரசா. 2007இல் வெளியான அவருடைய கடிதங்கள், கடவுள் அருகில் இருப்பதாகவே உணராமல் அவர் பல பத்தாண்டுகளைக் கழித்ததைக் காட்டின. போலி வேடம் என்றனர் சிலர். வேடதாரி தன் வெறுமையை ஆன்ம வழிகாட்டிகளுக்கு வரிக்கு வரி எழுதிக்கொண்டிருப்பாரா என்பதுதான் என் கேள்வி.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. என்ன நடந்தாலும் விடமாட்டேன் என்றால், அந்த நம்பிக்கையை எதுவும் பொய்யாக்க முடியாது; அது பிடிவாதம்தானே? ஆன்டனி ஃப்ளூ போன்ற தத்துவவாதிகள் ஏறக்குறைய இதையே கேட்டார்கள். நிலைத்திருப்பது கடவுள் உண்டு என்பதற்கு நிரூபணம் ஆகாது, ஒப்புக்கொள்ளவேண்டும். நேர்மையாக யோசித்து விலகிப்போனவர்களும் உண்டு. அவர்களைத் துரோகிகள் என்பது அநியாயம். ஆனால் ஒரு கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்பது வேறு, விடை இல்லையென்று தெரிந்துவிட்டது என்பது வேறு. முன்னதை வைத்துக்கொண்டே வழிபாட்டுக்குப் போகலாம்; அதில் பொய் ஏதுமில்லை.

மலேசிய இந்தியர்களில் கிறிஸ்தவர்கள் 2010 கணக்கெடுப்பின்படி சுமார் 6 விழுக்காடுதான். இவ்வளவு சிறிய கூட்டத்தில், அதுவும் எல்லாரும் எல்லாரையும் அறிந்த தோட்டப்புறத்தில், சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்வது எளிதல்ல. யார் காதுக்குப் போகுமோ என்ற பயம் இருக்கும். அதனால்தான் யோவான் சுவிசேஷத்தில் ஒரு சின்னச் செய்தி எனக்குப் பெரிதாகப் படுகிறது. உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தொட்டாலொழிய நம்பமாட்டேன் என்று சொன்ன சீடர் தோமாவை மற்றச் சீடர்கள் வெளியே அனுப்பவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. எட்டு நாள் கழித்து, அவர்கள் கூடியிருந்த, கதவுகள் பூட்டிய வீட்டில், இன்னும் நம்பாதவராகவே, அவர்களோடு உட்கார்ந்திருந்தார்.