மீன் தொட்டிக்கு அடிக்கண்ணாடி பொருத்தும் முறை

வண்ண மீன் வளர்ப்பு சிறு விவசாயிகளுக்கு ஏற்ற உபதொழிலாகும். சென்னை கொளத்தூர் வட்டாரத்தில் பல குடும்பங்கள் இத்தொழிலில் ஈடுபட்டுள்ளன. முட்டையிடும் மீன்களைக் கவனிக்கவும் குஞ்சுகளைப் பிரித்து வைக்கவும் கண்ணாடித் தொட்டி தேவை. இதை வீட்டிலேயே செய்து கொள்ளலாம். ஆனால் அடிக்கண்ணாடியில் பிசகு நேர்ந்தால், வளர்த்த தாய் மீன்களை ஒரே இரவில் இழக்க நேரிடும்.

இரு முறைகள்

அடிக்கண்ணாடியின் மேல் நான்கு பக்கங்களையும் நிறுத்துவது ஒரு முறை. பக்கங்களுக்கு உள்ளே அடிக்கண்ணாடியைச் செருகி ஒட்டுவது மற்றொன்று. இரண்டாம் முறையில் அடிப்பக்கம் மேசையில் படியாமல் சிறிது தூக்கி நின்றால், தண்ணீரின் பாரம் முழுவதும் பசையில் தொங்கும். முதல் முறையில் அப்பாரத்தை மேசை தாங்கும். புதிதாகச் செய்வோருக்கு இதுவே நலம்.

அளவுகள்

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள தொட்டிக்கு 5 மி.மீ. கண்ணாடி வாங்கவும். அடி, முன், பின் ஆகிய மூன்றும் 60க்கு 30 செ.மீ. இருபக்கத் துண்டுகள் 28.8 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். கண்ணாடியின் கனமும் பசைக்கான இடைவெளியும் இதில் கழிக்கப்பட்டுள்ளன.

ஒட்டும் முறை

கூரிய ஓரங்களை நனைத்து உப்புத்தாளால் தேய்க்கவும். ஒட்டும் இடங்களை ஸ்பிரிட்டால் துடைக்கவும். மீன் தொட்டிக்கென விற்கும் சிலிக்கான் பசையையே வாங்கவும். குளியலறைக்கான பூஞ்சாணத் தடுப்பு மருந்து கலந்த பசை மீன்களுக்கு ஆகாது. அடிக்கண்ணாடியைச் சமதளத்தில் வைத்து, முதலில் பின்பக்கம், பிறகு இருபக்கங்கள், கடைசியாக முன்பக்கம் என்று நிறுத்தவும். பசை முழுவதும் பிதுங்கிவிடும்படி அழுத்தக் கூடாது. மூலைமட்டம் பார்த்து, ஒட்டுநாடாவால் கட்டி, இரண்டு நாட்கள் அசையாமல் வைக்கவும்.

சோதனை

தொட்டியில் 25 செ.மீ. உயரத்துக்கு நீர் நிரப்பினால் சுமார் 43 கிலோ பாரம் ஏறும். மேசை இதைத் தாங்க வேண்டும். தொட்டியின் அடியில் ஒரு சிறு கல் இருந்தாலும் கண்ணாடி விரிசல் விடும். ஆகவே மேசையைத் துடைத்து, தெர்மோகோல் தகடு விரித்து, அதன்மேல் தொட்டியை வைக்கவும். உள்ளே செருகிய அடிக்கண்ணாடி தூக்கி நிற்கும் தொட்டிக்குத் தெர்மோகோல் கூடாது. பக்கங்கள் அதில் அமிழ்ந்து அடிக்கண்ணாடியை மேலே தள்ளும்.

ஒரு நாள் நீரை நிறுத்திப் பார்த்து, அதைக் கொட்டிய பின்னரே மீன்களை விடவும். கசிவு கண்டால் பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் ஒட்டவும். காய்ந்த பசையின்மேல் புதுப்பசை சரிவரப் பிடிக்காது. நீருள்ள தொட்டியை ஒருபோதும் தூக்கக் கூடாது.