கொர்லியோனேயில் இருந்து வந்தவர்

எங்கள் தொழிற்சாலையில் இரவு முறையில் என்னோடு வேலை செய்யும் வயதான இத்தாலியர் ஒருவர், 'கோட்ஃபாதர்' படத்தை மெச்சிப் பேசுபவர்களைக் கண்டால் எரிச்சலடைவார். கொர்லியோனே என்பது சிசிலியின் ஓர் ஊர், அங்கே சனங்கள் உழுது பிழைத்தார்கள் என்பார். அவர் சொன்னதால்தான் நான் ஜூசெப்பே மொரெல்லோவைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

1867இல் அந்த ஊரில் பிறந்தவர். வலது கை ஊனமுற்றது. 1890களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குத் தப்பி வந்தார். கள்ளநோட்டு வழக்கொன்றில் இத்தாலிய நீதிமன்றம் அவர் இல்லாமலே தண்டனை விதித்தது. இடையில் குடும்பத்தோடு லூசியானாவில் கரும்புத் தோட்டத்திலும் டெக்சாஸில் பருத்தியிலும் கூலிவேலை செய்து, மலேரியாவோடு நியூயோர்க் திரும்பினார். ஆக, அவரும் ஒரு காலத்தில் நம்மைப் போன்ற கூலிதான்.

பிறகு அவர் கட்டியெழுப்பியது முழுக்க ஊர்ப்பற்றின் மீது. 1902இல் கொர்லியோனேக்காரர்களுக்கென ஒரு கூட்டுறவு வீடமைப்புச் சங்கம். பங்குகளை வாங்கியவர்கள் அதே ஊர்த் தொழிலாளர். 1907இன் நிதி நெருக்கடிக்குப் பின் அது நொறுங்கியது. போனது அவர்கள் சேமிப்பு. அதே காலத்தில் இத்தாலியக் கடைக்காரருக்குக் 'கறுப்புக் கை' என்ற அடையாளத்தோடு மிரட்டல் கடிதங்கள் வந்தன. கறுப்புக் கை ஓர் அமைப்பல்ல, பலரும் கையாண்ட ஒரு முறை மட்டுமே. பணம் கேட்பவனும் பாதுகாப்புத் தருபவனும் பெரும்பாலும் ஒரே ஊரான். பொலிசுக்குப் போகலாமே என்று கேட்பவர்கள், மொழி தெரியாதவன் பொலிஸ் நிலையத்தில் எப்படி நிற்பான் என்பதை யோசித்துப் பார்க்கட்டும்.

இத்தாலிய மொழி பேசிய பொலிஸ் அதிகாரி ஜோசப் பெட்ரோசினோ இருந்தார். 1903 ஏப்ரலில் நியூயோர்க் தெருவில் ஒரு பீப்பாவுக்குள் கிடந்த சடலம் பெனெடெட்டோ மடோனியாவுடையது என்று கண்டறிந்தவர் அவரே. மொரெல்லோவும் ஆட்களும் கைதானார்கள்; கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. 1909 மார்ச் 12இல் பெட்ரோசினோ பலெர்மோவில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் இரகசியமாகப் புறப்பட்ட செய்தி ஏற்கெனவே நியூயோர்க் பத்திரிகையில் வெளிவந்திருந்தது.

மொரெல்லோவைப் பிடித்தது கொலை வழக்கல்ல, நோட்டு வழக்கு. ஹைலண்ட் என்ற இடத்தில் ஒதுக்குப்புறமான வீட்டில் அமெரிக்க, கனடிய டொலர் நோட்டுகள் அச்சிடப்பட்டன. அச்சிட்டவர் அந்தோனியோ கொமித்தோ, கலாபிரியாவிலிருந்து வந்த அச்சுத் தொழிலாளி. நல்ல வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டவர். அங்கே போன பின்தான் என்ன வேலை என்று தெரிந்தது. திரும்பிப் போக விடவில்லை. பின்னர் அரசுத் தரப்புச் சாட்சியானவரும் அவரே. மொரெல்லோவைப் பற்றி எழுதுபவர்கள் இந்த மனிதனை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். படித்த தொழிலை வைத்துக்கொண்டு வேலை தேடி அலைந்த எனக்கு, தலைவனைவிட இவன்தான் மனதில் நிற்கிறான்.

1910இல் மொரெல்லோவுக்கு 25 ஆண்டுகள். பீப்பாவுக்குள் கிடந்தவனுக்காக ஒரு நாள்கூட இல்லை. அரசின் நாணயத்தைத் தொட்டதற்காக இவ்வளவு. 1920இல் வெளியே வந்தார். பழைய இடம் வேறொருவருடையதாகியிருந்தது. அவருக்கு ஆலோசகராக இருந்தார். 1930 ஓகஸ்ட் 15 அன்று கிழக்கு ஹார்லெமில் தன் அலுவலகத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்டவர்களும் சிசிலியர் தரப்பினரே என்று கருதப்படுகிறது. அந்தச் சங்கத்தில் பங்கு வாங்கியவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைத்ததாக நான் வாசித்ததில் இல்லை.