ஆண் மார்பகப் புற்றுநோய்: அறுவைக்குப் பின் கதிர்வீச்சுச் சிகிச்சை

ஆண் மார்பகப் புற்றுநோயில் அறுவைக்குப் பின் அளிக்கப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சை என்பது, கட்டியும் மார்பகத் திசுவும் அகற்றப்பட்ட பிறகு மார்புச் சுவரிலும் நிணநீர் முடிச்சுகளிலும் எஞ்சியிருக்கக்கூடிய புற்று உயிரணுக்களை உயர் ஆற்றல் எக்சு கதிர்களால் அழிக்கும் சிகிச்சையாகும். தமிழ்நாட்டில் நோயாளிகள் இதனைக் 'கரண்ட் வைப்பது' என்று அழைப்பதுண்டு. ஆனால் இதில் உடலுக்குள் மின்சாரம் எதுவும் செலுத்தப்படுவதில்லை.

ஆண்களில் இந்நோய்

ஆண்களுக்கும் முலைக்காம்பின் அடியில் சிறிதளவு மார்பகத் திசு உண்டு. எனவே அவர்களுக்கும் இந்நோய் வரலாம். மொத்த மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 1 விழுக்காடு ஆண்களுக்கு ஏற்படுகிறது. பெரும்பாலும் 60 வயதைக் கடந்தவர்களிடமே காணப்படுகிறது. பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவில் பிறழ்வு, குடும்பத்தில் இந்நோய் இருந்த வரலாறு, கிளைன்பெல்டர் நோய்க்குறி, கல்லீரல் இழைநார் வளர்ச்சி, உடல் பருமன், முன்னர் மார்பில் கதிர்வீச்சு பெற்றிருத்தல் ஆகியன வாய்ப்பைக் கூட்டுகின்றன.

முலைக்காம்பின் அடியில் வலியில்லாத கெட்டியான கட்டி, காம்பு உள்ளிழுத்துக் கொள்ளுதல், காம்பிலிருந்து நீர் அல்லது இரத்தம் கசிதல், ஆறாத புண், அக்குளில் நெறி கட்டுதல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். 'இது பெண்களுக்கு வரும் நோய்' என்ற எண்ணமும் கூச்சமும் பலரைக் காலம் தாழ்த்த வைக்கின்றன. ஆணின் மார்பில் திசு குறைவு என்பதால் சிறிய கட்டியும் விரைவில் தோலையோ அடியிலுள்ள தசையையோ தொட்டுவிடும்.

அறுவை போதாதா?

பெரும்பாலான ஆண்களுக்கு மார்பகம் முழுவதும் அகற்றப்படுகிறது. 1990 முதல் 2010 வரை நோய் கண்டறியப்பட்ட 1,483 ஆண்களைப் பற்றிய பன்னாட்டு ஆய்வில், நோய் பிற உறுப்புகளுக்குப் பரவாதவர்களுள் 4 விழுக்காட்டினருக்கே மார்பகத்தைக் காக்கும் அறுவை செய்யப்பட்டிருந்தது. முழுவதும் எடுத்துவிட்டதால் இனிச் சிகிச்சை வேண்டாம் என்று நோயாளியும் குடும்பத்தாரும் கருதுவது இயல்பே. ஆனால் கண்ணுக்கும் ஊடுகதிர்ப் படத்துக்கும் புலப்படாத உயிரணுக்கள் தோலடியிலும், தழும்பின் ஓரத்திலும், காறை எலும்பின் மேலுள்ள முடிச்சுகளிலும் தங்கியிருக்கலாம். அவை பெருகினால் அதே இடத்தில் நோய் திரும்பும். அங்கிருந்து நுரையீரல், எலும்பு, கல்லீரல் ஆகியவற்றுக்கும் பரவலாம்.

இச்சிகிச்சையின் பயனைக் காட்டிய பெரிய ஆய்வுகள் பெண்களிடம் நடந்தவை. டென்மார்க்கில் மாதவிடாய் நிற்காத 1,708 பெண்களிடம் நடத்தப்பட்டு 1997இல் வெளியான ஆய்வில், அறுவையும் வேதிச்சிகிச்சையும் மட்டும் பெற்றவர்களுள் 32 விழுக்காட்டினருக்கு மார்புச் சுவரிலோ அருகிலுள்ள முடிச்சுகளிலோ நோய் திரும்பியது. கதிர்வீச்சும் பெற்றவர்களுள் இது 9 விழுக்காடாகக் குறைந்தது. பத்தாண்டு கழித்து உயிருடன் இருந்தோர் 45 விழுக்காட்டிலிருந்து 54 விழுக்காடாக உயர்ந்தனர். ஆண்களில் நோய் அரிது என்பதால் அவர்களை மட்டும் கொண்டு இத்தகைய ஆய்வு நடத்துவது கடினம். ஆகவே பெண்களுக்கான விதிகளையே ஆண்களுக்கும் பின்பற்றலாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

யாருக்குத் தேவை?

அகற்றிய திசுவின் நோய்க்கூற்றியல் அறிக்கையே முடிவுக்கு அடிப்படை. பொதுவாகக் கீழ்க்கண்ட நிலைகளில் கதிர்வீச்சு பரிந்துரைக்கப்படுகிறது:

– அக்குளில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட நிணநீர் முடிச்சுகளில் புற்று இருத்தல்
– கட்டி 5 செ.மீ.க்கு மேல் இருத்தல்
– தோல் அல்லது மார்புச் சுவர் பாதிக்கப்பட்டிருத்தல்
– வெட்டிய விளிம்பில் புற்று எஞ்சியிருத்தல்
– மார்பகம் முழுவதும் அகற்றப்படாமல் கட்டி மட்டும் எடுக்கப்பட்டிருத்தல்

ஒன்று முதல் மூன்று முடிச்சுகள் வரை பாதிக்கப்பட்டிருந்தால் வயது, கட்டியின் தன்மை, பிற சிகிச்சைகள் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவக் குழு முடிவெடுக்கும். கட்டி சிறியதாகவும் முடிச்சுகள் தூய்மையாகவும் இருந்து மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டிருந்தால் பெரும்பாலும் கதிர்வீச்சு தேவைப்படாது.

சிகிச்சை முறை

அறுவைப் புண் ஆறிய பின், வழக்கமாக நான்கு முதல் எட்டு வாரங்களில் சிகிச்சை தொடங்கும். வேதிச்சிகிச்சை தேவைப்பட்டால் அது முதலில் முடிக்கப்படும். தொடங்குமுன் சி.டி. படம் எடுத்து, இதயமும் நுரையீரலும் இயன்ற அளவு தவிர்க்கப்படும்படி கணினியில் கதிர்களின் திசையும் அளவும் திட்டமிடப்படுகின்றன. நாள்தோறும் அதே இடத்தில் கதிர் விழுவதற்காகத் தோலில் சிறு அடையாளப் புள்ளிகள் இடப்படும். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்க வேண்டும் என்பதால், அறுவைக்குப் பின் தோள்பட்டைப் பயிற்சியை முறையாகச் செய்திருப்பது அவசியம்.

நேர்கோட்டு முடுக்கி என்னும் கருவியில் விரைவூட்டப்பட்ட எலக்ட்ரான்கள் உலோகத் தகட்டில் மோதி எக்சு கதிர்கள் உண்டாகின்றன. ஒருநாள் சிகிச்சை சில நிமிடங்களே நீடிக்கும், வலி இராது. கருவி நின்றதும் கதிர்வீச்சும் நின்றுவிடுகிறது. எனவே நோயாளி வீட்டில் குழந்தைகளோடு அச்சமின்றிப் பழகலாம்.

கதிரின் அளவு 'கிரே' என்ற அலகில் கூறப்படுகிறது. நீண்டகாலமாக வழக்கிலுள்ள முறை 25 நாட்களில் 50 கிரே, அதாவது வாரம் ஐந்து நாட்களாக ஐந்து வாரம். 15 நாட்களில் 40 கிரே என்னும் மூன்று வார முறை இன்று பரவலாகிவிட்டது. 4,096 பேரிடம் நடந்து 2020இல் வெளியான பிரித்தானிய ஆய்வு, 5 நாட்களில் 26 கிரே என்னும் ஒரு வார முறையும் தகுதியுள்ளோருக்கு அதே பயனைத் தருவதாகக் காட்டியது.

தொடங்கிய சிகிச்சையை இடையில் நிறுத்தக்கூடாது. விடுபடும் நாட்களில் எஞ்சிய புற்று உயிரணுக்கள் மீண்டும் பெருக வாய்ப்புண்டு.

பக்க விளைவுகள்

இரண்டாம் வாரத்திற்குப் பின் தோல் சிவந்து கறுத்து, வெயிலில் காய்ந்தது போல் உரியலாம். அவ்விடத்து முடி உதிரும். களைப்பு உண்டாகும். இவை பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். அக்குள் முடிச்சுகள் அகற்றப்பட்டு அங்கும் கதிர் அளிக்கப்பட்டவர்களுக்குக் கை வீக்கம் ஏற்படலாம். அந்தக் கையில் காயம்படாமல் பார்த்துக்கொள்வதும் வீக்கத்தைத் தொடக்கத்திலேயே காட்டுவதும் நல்லது. நுரையீரல் அழற்சி அரிதாக ஏற்படும்.

இடப்பக்க நோயில் இதயத்தைக் காப்பது முக்கியம். இதயம் பெறும் சராசரி அளவு ஒரு கிரே கூடும்போது கடுமையான இதயத் தமனி நோய் வாய்ப்பு 7.4 விழுக்காடு கூடுவதாக 2013இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தும்போது இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகுவதால், அந்நிலையில் கதிர் அளிக்கும் முறை கையாளப்படுகிறது. புகைப்பவர்களுக்குக் கதிர்வீச்சுக்குப் பின் நுரையீரல் புற்றுநோய், இதய நோய் ஆகியவற்றின் வாய்ப்பு மேலும் மிகுதி. புகையை நிறுத்துவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

தமிழ்நாட்டில்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் தொடங்கப்பட்ட புற்றுநோய் நிலையத்தில், 1957இல் கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி நிறுவப்பட்டது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணாவின் நினைவாக அமைந்த அரசு புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறலாம்.

குன்றத்தூர்–ஒரகடம் பகுதி

குன்றத்தூர் வட்டம் காரப்பேட்டை மருத்துவமனை உள்ள அதே காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் பெரும் தொழிற்பகுதிகளாயின. தொடக்க ஆண்டுகளில் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று ஐம்பதை நெருங்குகின்றனர். வயது ஏற ஏற இந்நோயின் வாய்ப்பும் ஏறும் என்பதால், அறிகுறிகளை அறிந்திருக்க வேண்டிய பருவம் இது.

நாட்கூலிக்கும் ஒப்பந்த வேலைக்கும் செல்பவருக்கு மூன்று அல்லது ஐந்து வாரத் தொடர் பயணம் பெரும் இழப்பு. சிகிச்சை பாதியில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகிறது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் உள்ளவர்களுக்கு, அதாவது 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர்களுக்கு, மருத்துவச் செலவோடு ஊதிய இழப்புக்கும் ஈடு உண்டு. புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, தகுதிக்கான பணிக்காலமும் பங்களிப்பும் இருந்தால், சராசரி ஊதியத்தில் 80 விழுக்காடு இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்கும். மருத்துவரின் சான்றைக் காலத்தே காப்பீட்டுக் கழகத்தின் கிளை அலுவலகத்தில் சேர்ப்பது இதற்கு அவசியம்.

சிகிச்சைக் காலத்தில் வெல்டிங், பெயிண்ட் உலை போன்ற வெப்பம் மிகுந்த பிரிவுகளையும், தோலில் உராயும் பாதுகாப்பு வார்களையும், பளு தூக்குவதையும் தவிர்க்கும்படி மாற்றுப் பணி கோரலாம். பருத்திச் சட்டை நல்லது. மருத்துவர் சொல்லாத களிம்பையோ மஞ்சளையோ அவ்விடத்தில் பூசக்கூடாது.

சிகிச்சைக்குப் பின்

ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன் ஏற்பி கொண்டவை. ஆகையால் தமாக்சிபென் மாத்திரை பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குத் தரப்படுகிறது. கதிர்வீச்சு முடிந்தாலும் இம்மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. மறுபக்க மார்பையும் தழும்பையும் மாதம் ஒருமுறை தடவிப் பார்ப்பதும், குறித்த நாளில் பரிசோதனைக்குச் செல்வதும் தேவை.

இந்நோய் வந்த ஆண்கள் அனைவருக்கும் மரபணு ஆலோசனை பரிந்துரைக்கப்படுகிறது. பி.ஆர்.சி.ஏ.2 பிறழ்வு இருப்பின் அது மகனுக்கோ மகளுக்கோ செல்லும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி. ஆகவே தந்தை தம் நோயை வீட்டில் மறைக்காமல் சொல்வது, பிள்ளைகள் உரிய வயதில் பரிசோதனை செய்துகொள்ள உதவும்.