ஓட ஒரு பேட்டரி, கேட்க ஒரு பேட்டரி

அழகர்மலை அடிவாரத்துத் தோப்புகளில் கிணற்று மோட்டாரைப் போட்டவுடன், பக்கத்து வீட்டுக் குண்டு பல்பு ஒரு கணம் மங்கிப் பின் தெளிவதை நம்மில் பலர் கண்டிருப்போம். (எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் இக்காட்சி அரிதாகிவிட்டது. அவை தம்முள் இருக்கும் மின்னணுச் சுற்றினால் இந்தத் தள்ளாட்டத்தை வெளியே காட்டுவதில்லை.) நின்றிருக்கும் மோட்டார் சுழலத் தொடங்கும் அந்த நொடியில், முழுச் சுமையோடு ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து, ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். கம்பியில் வரும் மின்னழுத்தம் அப்போது சரிகிறது. இரவில் பேருந்து ஓட்டுநர் 'செல்ஃப்' போடும்போது விளக்குகள் சோர்ந்து போவதும் இதே காரணத்தால்தான்.

இனி அறிவியல் கண்காட்சிகளில் நம்மைக் கவரும் ரேடியோ காருக்கு வருவோம். மின்சாரத்தால் ஓடும் இந்தச் சிறு காரினுள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, சக்கரங்களைச் சுழற்றும் மோட்டாரின் வேலை. இது பெருந்தீனிக்காரன். மற்றொன்று, நம் கையிலுள்ள கருவி அனுப்பும் அலையைக் கேட்டு, திருப்பு, நிறுத்து என்று ஆணையிடும் ரிசீவரின் வேலை. இதற்கு வேண்டியது சொற்ப மின்சாரமே. ஆனால் அந்தச் சொற்பம் ஒரு கணமும் தடைப்படலாகாது. இவ்விருவரையும் ஒரே பானையிலிருந்து உண்ணச் செய்தால் என்ன ஆகும்?

பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதியைக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். பேட்டரி 7.2 வோல்ட் என்க. அதன் அகமின்தடையும் கம்பிகளின் தடையும் சேர்ந்து 0.08 ஓம் என்க. கார் புறப்படும்போது மோட்டார் 40 ஆம்பியர் இழுத்தால், உள்ளேயே 3.2 வோல்ட் வீழ்ந்துவிடும். மீதம் 4 வோல்ட். ரிசீவருக்கும் சக்கரத்தைத் திருப்பும் சர்வோவுக்கும் சுமார் 5 வோல்ட் தேவை. மின்னழுத்தம் மேலும் குறைந்தால் இக்காலத்து 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர்கள் பல அணைந்து, பின் மீண்டும் விழித்து, கைக்கருவியைத் தேடத் தொடங்கும். அதுவரை கார் நம் பேச்சைக் கேளாது. வேகமாகப் போகும் கார் ஒரு நொடியில் பல அடி தூரம் கடந்துவிடும். எதிரே சுவர் இருந்தால் காருக்குத்தான் சேதம். மழலையர் வகுப்புக் குழந்தைகள் நின்றால்? இதை விளையாட்டுச் செய்தியாக நான் எண்ணாததற்குக் காரணம் இதுதான். "சிக்னல் சரியில்லை" என்று புதிய கைக்கருவி வாங்கப் பெற்றோரிடம் பணம் கேட்கும் முன்னர், பேட்டரியைப் பார்ப்பது நலம்.

இதற்குரிய வழி பழையதே. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1976இல் தன் முதல் ரேடியோ காராகிய போர்ஷே 934 மாதிரியை வெளியிட்டது. அக்காலக் கார்களில் ரிசீவருக்கென்று நான்கு பென்சில் பேட்டரிகள் கொண்ட தனிப் பெட்டி இருந்தது. பின்னர் 1980களில், ஓட்டும் பேட்டரியிலிருந்தே 5 வோல்ட் பிரித்துக் கொடுக்கும் 'பி.இ.சி.' என்ற சுற்று பரவலாயிற்று. தனிப் பெட்டி மறைந்தது, எடை குறைந்தது. சாதாரணக் கார்களுக்கு அது போதும். நம் கடைத்தெரு பொம்மைக் காருக்கு இந்தக் கவலையே வேண்டாம். பேட்டரி தளர்ந்ததும் அது விக்கி விக்கி ஓடுமே, அதோடு சரி. பெரிய மோட்டாரும் வலிய சர்வோவும் பூட்டிய கார்களில்தான் சிக்கல் திரும்ப வருகிறது. அப்போது பலர் மீண்டும் தனிப் பேட்டரியை நாடுகின்றனர்.

பொருத்தும்போது ஒரு நுட்பம் உண்டு. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து ரிசீவருக்கு மூன்று கம்பிகள் வரும். நடுவிலுள்ள சிவப்பு, மின்சாரம் கொடுப்பது. தனிப் பேட்டரி வைத்தபின் இந்தச் சிவப்பை மட்டும் கழற்றி, முனையில் நாடா சுற்றிவிட வேண்டும். இல்லையேல் இரண்டு மின் ஊற்றுகளும் ஒன்றோடொன்று மோதும். கறுப்பையோ பழுப்பையோ தவறியும் கழற்றலாகாது. பொதுவான தரைக்கம்பி இல்லாமல் ஆணை போய்ச் சேராது. நான்கு நிக்கல் செல்கள் சேர்ந்தால் 4.8 வோல்ட், பெரும்பாலான ரிசீவர்களுக்கு அது பொருந்தும்.

குறையும் உண்டு. சுமை கூடும், சார்ஜ் செய்ய வேண்டியவை இரண்டாகும். சிறிய பேட்டரியை மறந்துவிட்டால், பெரியது நிறைந்திருந்தும் கார் செவிடாகிவிடும். அந்தப் பழைய கார்களில் இது பேராபத்து. வேகத்தை மாற்றும் சர்வோ இருந்த நிலையிலேயே நின்றுவிட, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்!

நாம் ஏறிச் செல்லும் மின்கார்களிலும் இந்த ஏற்பாட்டைக் காணலாம். ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் பூட்டப்பட்டு 2019 ஜூலையில் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் கோனா காரில், ஓட்டுவதற்கு 39.2 கிலோவாட் மணி கொண்ட பெரிய பேட்டரி. விளக்கு, பூட்டு, கணினி ஆகியவற்றுக்கு வழக்கமான 12 வோல்ட் பேட்டரி வேறு. பெரியதுதான் சிறியதை நிரப்புகிறது. ஆயினும் சிறியது தீர்ந்துவிட்டால் கார் விழிப்பதே இல்லை.

ரேடியோ காரை இயக்கும் தங்கையர் வரிசையை நினைவில் கொள்க: முதலில் கைக்கருவி, பிறகு ரிசீவர், கடைசியில் மோட்டார். அணைக்கும்போது மோட்டாரில் தொடங்கிக் கைக்கருவியில் முடிக்க வேண்டும். முதன்முறை சோதிக்கையில் காரை ஒரு செங்கல்லின்மேல் தூக்கி வைத்து, சக்கரங்கள் தரையைத் தொடாதபடி ஓடவிட்டுப் பாருங்கள்.