மணல் நடக்கும் கரை



கடற்கரை என்பது நிலமும் நீரும் சந்திக்கும் எல்லை என்று நாம் பூகோள வகுப்பில் படிக்கின்றோம். தேசப்படத்தில் அதனை ஒரு கோடாக வரைகின்றோம். இன்று வரைந்த கோடு நாளையும் அதே இடத்தில் இருக்கின்றது. ஆனால், மெய்யான கடற்கரை அத்தகைய கோடு அன்று. அஃது ஓர் ஓட்டம். ஆற்றில் நீர் ஓடுவதுபோலக் கரையோரத்தில் மணல் ஓடிக்கொண்டே இருக்கின்றது. இவ்வுண்மையை ஓர் ஊரார் எவ்வாறு கற்றனர், கற்றபின் என்ன செய்தனர் என்பதை எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

அவ்வூரின் பெயர் கரம்பின். ஆஸ்திரேலியாவின் கீழ்க் கரையில், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் தென்கோடியில், கோல்டு கோஸ்ட் என்னும் நகரம் இருக்கின்றது. பொற்கரை என்பது அப்பெயரின் பொருள். தனித்தனிக் கடற்கரை ஊர்களாய் இருந்தவை ஒன்றாகி, 1959 ஆம் ஆண்டில் நகரம் என்னும் தகுதியைப் பெற்றன. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் அந்நகரின் நடுப்பகுதியில் வானளாவிய கட்டடங்கள் நெருங்கி நிற்கின்றன. தெற்கே செல்லச் செல்ல அவை குறைந்து, தோட்டம் சூழ்ந்த தாழ்வான வீடுகள் தொடங்குகின்றன. அப்பகுதியில் அமைந்த அமைதியான புறநகரே கரம்பின். அங்கு வாழும் என் மகள் வீட்டில் 2025 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மூன்று வாரம் தங்கியிருந்தேன்.

ஆகஸ்டு என்றவுடன் நமக்கு வெயில் நினைவுக்கு வரும். அங்கோ அது குளிர்காலத்தின் கடைசி மாதம். கரம்பின் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறக்குறைய 28 பாகையில் இருக்கின்றது. மகர ரேகை 23½ பாகையில் செல்கின்றது. ஆகவே வெப்பமண்டலத்தின் எல்லையைச் சற்றே கடந்த நிலம் அது. இத்தகைய பகுதியைத் துணை வெப்பமண்டலம் என்பர். அங்கே நடுப்பகற் கதிரவன் ஆண்டு முழுவதும் வடக்கு வானில்தான் காட்சியளிக்கும். தலைக்கு நேரே ஒருநாளும் வாராது. நம் ஊரில் தெற்கே சாய்ந்த மார்கழி வெயிலுக்கு நாம் ஏங்குவதுபோல, அவர்கள் குளிர்காலத்தில் வடக்கு வெயிலை நாடி, வீட்டின் கூடத்தையும் வடக்கு நோக்கி அமைக்கின்றனர். வடக்கிலிருந்து வரும் வெந்நீரோட்டம் ஒன்று அக்கரையை ஒட்டிச் செல்வதால், குளிர்காலத்திலும் கடல்நீர் உடலை நடுக்குவதில்லை.

ஊர் புதிது, ஆயினும் கரையில் நின்ற செடிகள் எனக்குப் புதியனவாய்த் தோன்றவில்லை. மணல்மேட்டின்மேல் அடும்பங்கொடி படர்ந்திருந்தது. ஆட்டின் குளம்பைப்போல் இரண்டாகப் பிளந்த அதே இலை! பாறைச் சரிவில் தாழையினம் விழுதூன்றி நின்றது. நம் மீனவர்கள் இராவணன் மீசை என்று அழைக்கும் முட்புல்லின் நெருங்கிய உறவான ஒரு புல் மேடெங்கும் வேரோடியிருந்தது. நம் கடற்கரைகளில் நாம் நட்டு வளர்க்கும் சவுக்கு மரத்துக்கோ அதுவே பிறந்த நாடுகளுள் ஒன்று. நெய்தல் நிலத்தின் கருப்பொருள்களைப் பாடிய நம் முன்னோர் அங்கு வந்திருந்தால், இது நெய்தலே என்று தயக்கமின்றிக் கூறியிருப்பர். அந்நிலத்தில் நெடுங்காலமாக வாழ்ந்து வருபவர் யுகம்பே மொழி பேசும் பழங்குடி மக்கள் என்பதையும் இங்கே சொல்லுதல் வேண்டும்.

ஊரின் அன்றாட வாழ்க்கை அடக்கமானது. தெருக்களில் ஊர்திகளின் ஒலிப்பான் ஓசையைக் கேட்பதே அரிது. முதியவர்கள் விடியற்காலையில் கரையோரமாக நடக்கின்றனர். பள்ளிச் சிறுவர் அனைவரும் அகன்ற விளிம்புடைய தொப்பியை அணிந்து செல்கின்றனர். தோல் புற்றுநோய் உலகிலேயே மிகுதியாகக் காணப்படும் பகுதிகளுள் ஒன்று குயின்ஸ்லாந்து. அதனால், தொப்பி இல்லையேல் வெளியே விளையாட்டும் இல்லை என்பது அங்குள்ள பள்ளிகளில் வழங்கும் விதி. கரையில் யானைப்பாறை என்னும் பெரும்பாறை ஒன்று இருக்கின்றது. படிகளில் ஏறி அதன் உச்சியில் நின்றால், அம்மாதத்தில் திமிங்கிலங்கள் கூட்டங்கூட்டமாகச் செல்வதைக் காணலாம்.

மணல்மேட்டைச் சுற்றிக் கம்பிவேலி இட்டிருந்தனர். கரைக்கு இறங்குவதற்கு ஆங்காங்கே குறுகிய வழிகள் மட்டுமே இருந்தன. வெறும் மணலுக்கு வேலி எதற்கு என்று அண்டை வீட்டு முதியவர் ஒருவரைக் கேட்டேன். அவர் நகைத்துவிட்டு, "இது வெறும் மணல் அன்று ஐயா, எங்கள் சேமிப்பு" என்றார். அச்சேமிப்பின் கதையைத்தான் இனி நான் விரித்துரைக்கப் போகின்றேன்.

மணல் எவ்வாறு நடக்கின்றது? கோல்டு கோஸ்டின் கரை கிழக்கு நோக்கியது. அலைகளோ பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வருகின்றன. ஆகையால் அலை கரையின்மேல் நேராக ஏறாமல் சாய்வாக ஏறுகின்றது. ஏறும்போது மணல் துகளையும் வடமேற்காகச் சாய்த்துத் தள்ளுகின்றது. அலை வடியும்போது நீர் சரிவின் போக்கிலேயே நேராக இறங்குகின்றது. துகளும் அவ்வாறே இறங்குகின்றது. ஏறியது சாய்வாக, இறங்கியது நேராக. ஆதலால் ஒவ்வோர் அலைக்கும் அத்துகள் சிறிதளவு வடக்கே நகர்ந்துவிடுகின்றது. வெந்நீரோட்டம் தெற்கு நோக்கிச் செல்ல, மணல் மட்டும் வடக்கு நோக்கிச் செல்வது வியப்பன்றோ? கரை மணலை நடத்துவது ஆழ்கடல் நீரோட்டம் அன்று, கரையில் உடையும் அலையே என்பது இதனால் விளங்கும்.

இவ்வாறு அக்கரையில் ஆண்டுதோறும் வடக்கே செல்லும் மணல் ஏறக்குறைய 5 லட்சம் கன மீட்டர். பத்துக் கன மீட்டர் கொள்ளும் லாரிகளில் ஏற்றினால் 50,000 லாரிகள் வேண்டும். நாளொன்றுக்கு 137 லாரிகள் என்று கணக்கிடலாம். இம்மணலின் பயணம் கோல்டு கோஸ்டுடன் முடிவதில்லை. இன்னும் வடக்கே, பிரேசர் தீவு என்று நெடுங்காலம் வழங்கி வந்ததும் 2023 இல் பழங்குடிப் பெயரை மீண்டும் பெற்றதுமான தீவு இருக்கின்றது. உலகிலேயே மிகப் பெரிய மணல் தீவாகிய அது, பல லட்சம் ஆண்டுகள் இவ்வாறு நடந்து வந்த மணலால் ஆனது.

கரம்பினுக்குத் தெற்கே சிறிது தொலைவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் எல்லைக்குள், ட்வீட் என்னும் ஆறு கடலில் கலக்கின்றது. அதன் முகத்துவாரம் மணலால் தூர்ந்து படகுகளுக்கு இடையூறு செய்து வந்தது. ஆகவே 1960களின் முற்பகுதியில், ஆற்றின் இரு பக்கமும் இருந்த கற்சுவர்களைக் கடலுக்குள் மேலும் நீட்டினர். படகுகளின் நன்மை கருதிச் செய்த செயல்தான் அது. ஆனால் வடக்கே சென்றுகொண்டிருந்த மணலுக்கு அச்சுவர் அணையாயிற்று. தென்புறத்தில் மணல் குவிந்தது. வடபுறக் கரைகளுக்கு வரவு நின்றது. கடலோ கொண்டுபோவதை மட்டும் நிறுத்தவில்லை. வரவின்றிச் செலவு மட்டும் நடக்கும் குடும்பம் எத்தனை நாள் தாங்கும்?

1967 ஆம் ஆண்டில் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எஞ்சியிருந்த மணலையும் அவை வாரிச் சென்றன. கடல் வீடுகளின் வாயில்வரை வந்தது. மக்கள் இரவு பகலாக மணல்மூட்டைகளை அடுக்கினர். என் அண்டை வீட்டு முதியவர் அப்பொழுது பள்ளி மாணவர். தம் வயதுடைய சிறுவர்களுடன் மூட்டை சுமந்ததை அவர் சொன்னபோது, அவருடைய குரல் தணிந்ததைக் கவனித்தேன். ஹாலந்து நாட்டு நீரியல் வல்லுநர்களை வரவழைத்து ஆராயச் செய்தனர். அவர்களுடைய ஆய்வு 1970களின் தொடக்கத்தில் அறிக்கையாக வெளிவந்தது.

நோய் தெரிந்தது, மருந்து கிடைக்க நெடுநாள் ஆயிற்று. சுவரை இடித்தால் படகுகளுக்குக் கேடு. விட்டுவைத்தால் கரைக்குக் கேடு. ஒரு மாநிலத்துக்கு ஆற்றுவாய் திறந்திருத்தல் வேண்டும். மற்றொரு மாநிலத்துக்கு மணல் வருதல் வேண்டும். இரு மாநிலங்களும் கலந்து பேசி, 1990களில் சட்டபூர்வமான உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் பயனாக 2001 ஆம் ஆண்டில் நிலையான ஏற்பாடு ஒன்று இயங்கத் தொடங்கியது. ஆற்றுக்குத் தெற்கே 450 மீட்டர் நீளமுள்ள பாலம் ஒன்று கடலுக்குள் செல்கின்றது. அதன் கீழ் வரிசையாகப் பொருத்திய எக்கிகள், நடந்து வரும் மணலை நீருடன் உறிஞ்சுகின்றன. அக்கலவை ஆற்றின் அடியில் பதித்த குழாய்கள் வழியே சென்று வடகரைகளில் கொட்டுகின்றது. அலை தூக்கிச் செல்ல வேண்டிய மணலை, மனிதன் தான் வைத்த தடையைத் தாண்டித் தூக்கிவிடுகின்றான். அதற்கப்பால் அலையே சுமந்து செல்கின்றது.

மருந்துக்கும் அளவு உண்டு. தொடக்க ஆண்டுகளில் தேங்கியிருந்ததையும் சேர்த்து மிகுதியாக மணலை அனுப்பியதால், கிர்ரா என்னும் கரை அளவுக்கு மீறி அகன்றுவிட்டது. அலைச்சறுக்கு வீரர்கள் போற்றிய அதன் புகழ்பெற்ற அலையும் மறைந்தது. அவர்கள் முறையிட்டனர். பிறகு மணலின் அளவு இயற்கையின் கணக்குக்கு ஏற்பக் குறைக்கப்பட்டது.

2025 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆல்பிரெட் என்னும் புயல் அப்பகுதியைத் தாக்கியது. பல லட்சம் கன மீட்டர் மணல் அகன்றது. ஆளுயரத்துக்கும் மேற்பட்ட மணற்செங்குத்துகள் கரையில் தோன்றின. ஐந்து மாதம் கழித்து நான் சென்றபோதும் கரை முழுமையாகத் தேறவில்லை. புயல் அலை முதலில் மேட்டைத் தின்கின்றது. அதன் பின்னரே வீட்டை நெருங்குகின்றது. புல்லும் அடும்பும் காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து வைக்கின்றன. அவற்றை மிதித்து அழித்தால் மேடு கரையும். முதியவர் சேமிப்பு என்றதன் பொருளும், வேலியின் பொருளும் இதுவே.

கடலின் போக்குக்கு இசைந்து நடத்தல் மணலுக்கு மட்டும் உரிய பாடம் அன்று. மனித உயிருக்கும் உரியது. கரையில் உடைந்த அலைநீர் மீண்டும் கடலுக்குச் செல்ல வேண்டும் அன்றோ? சில இடங்களில் அது குறுகிய கால்வாய்போல் திரண்டு விரைந்து செல்லும். அவ்விடத்தில் அலை உடைவது குறைவு. நீர் சற்றுக் கருமையாகவும் அமைதியாகவும் தோன்றும். அறியாதவர் அதனையே பாதுகாப்பான இடம் என்று எண்ணி இறங்குவர். அவ்வோட்டத்தை எதிர்த்துக் கரை நோக்கி நீந்துபவர் விரைவில் களைத்துவிடுவர். களைப்பே பலருக்கு எமனாகின்றது. பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கோருக. இயன்றால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்தை அடைக என்று அங்கே சிறுவர்க்குக் கற்பிக்கின்றனர். சிவப்பும் மஞ்சளும் கொண்ட இரு கொடிகளை உயிர்காக்கும் படையினர் நாட்டி வைக்கின்றனர். அவற்றின் இடையில்தான் குளித்தல் வேண்டும்.

நண்பர்களே, இவையெல்லாம் தொலைநாட்டுச் செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். நம் சோழமண்டலக் கரையிலும் மணல் நடக்கின்றது. வடகிழக்குப் பருவக் காற்றின்போது சில மாதங்கள் தெற்கே திரும்பினாலும், ஆண்டின் மொத்தக் கணக்கில் அது வடக்கே செல்கின்றது. 1875 ஆம் ஆண்டில் தொடங்கிச் சென்னைத் துறைமுகத்தின் சுவர்களைக் கடலுக்குள் கட்டினர். அவற்றின் தென்புறத்தில் மணல் தேங்கியது. நாம் மாலையில் உலாவும் மெரீனாவின் அகலம் பெரிதும் அதனால் வந்தது. வடபுறத்தில் இராயபுரம் முதலிய பகுதிகளைக் கடல் அரித்தது. மீனவர் குப்பங்கள் நிலத்தை இழந்தன. இன்று அங்கே கருங்கற்களே கரையாய்க் கிடக்கின்றன. புதுச்சேரியிலும் 1980களில் கட்டிய துறைமுகச் சுவரால் நகரின் மணற்கரை மறைந்தது. அண்மை ஆண்டுகளில் நீரடித் தடுப்பு ஒன்று அமைத்த பின்னரே அது ஓரளவு மீண்டது. ஓர் ஊரார் அகன்ற கரையில் காற்று வாங்கும்போது, அடுத்த ஊரார் வீட்டை இழக்கக் கூடும் என்பதை நாம் மறத்தல் ஆகாது. துறைமுகம் வேண்டா என்பது என் கருத்தன்று. தடுத்த மணலை அயலாருக்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பும் செலவும் அதனைத் தடுத்தவரையே சாரும் என்பதே என் கருத்து.

உங்களுள் கடலோரத்தில் வாழ்பவர்க்கு ஒரு வேலை தருகின்றேன். உங்கள் ஊரில் கடலுக்குள் நீளும் கற்சுவர் ஏதேனும் இருந்தால், பெரியவர் ஒருவருடன் சென்று, நீரில் இறங்காமல் அதன் இரு பக்கத்தையும் பாருங்கள். எந்தப் பக்கம் மணல் மிகுந்திருக்கின்றது, எந்தப் பக்கம் குறைந்திருக்கின்றது என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். மாதத்துக்கு ஒரு முறை, ஓராண்டு இவ்வாறு செய்யுங்கள். குறைந்த பக்கத்தில் குடியிருப்பவர் யாவர் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.